எல்லையோரக் கல்லூரியின் அரசியல் அறிவியல் ஆசிரியர் தம்மை வளர்த்துக்கொள்ள

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் அரசியல் அறிவியல் கற்பிப்போர், புத்தாக்கப் பயிற்சியில் சான்றிதழ் பெறுவதோடு நின்றுவிடக் கூடாது. கூட்டாட்சிப் பாடத்துக்கு முன், தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்ளச் செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தை மூலத்திலேயே படியுங்கள். 1970இல் கையெழுத்தாகி, முன்தேதியிட்டு 1958 முதல் செல்லுபடியாகும் அந்த ஆவணத்தில், மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டிஎம்சி நீர் வழங்க வேண்டும் என்ற விதியையும், 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு என்ற விதியையும் அடிக்கோடிட்டு, பாசனத்துக்கு அந்நீரையே நம்பியிருக்கும் விவசாயிகளின் பிள்ளைகளிடம் விவாதத்துக்கு வையுங்கள். இதைவிடச் சிறந்த பாடப்பொருள் இங்கே கிடைக்காது.

கேரளத்தில் கிராம சபை வார்டு அளவில் கூடுகிறது. அங்கே சென்று அமர்ந்து, யார் தமிழில் பேசுகிறார்கள், நடவடிக்கைக் குறிப்பு எம்மொழியில் எழுதப்படுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலர் பற்றிய அரசியலமைப்பின் 350ஆ (350B) பிரிவோடு சேர்த்து வகுப்பில் கற்பியுங்கள். சக ஆசிரியர் ஒருவரை உங்கள் வகுப்பில் அமரச் செய்து, மாணவர் கேள்விகளை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.