ஒலிம்பஸ் தெய்வத்துக்குப் பதினைந்து வயது: இளையோர் ஃபேண்டஸி எழுதத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

இரண்டு வருடமாக ஹெர்மிஸைப் பதினைந்து வயதுப் பையனாக வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். போன மாதம்தான் முடிந்தது. நடுவில் இரண்டு முறை முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். எங்கே சிக்கியது, எப்படி அவிழ்ந்தது என்பதெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன். அத்தியாயம் பிரிப்பது, உரையாடல் எழுதுவது போன்றவை இதில் இருக்காது. உங்கள் கையில் ஒரு கிரேக்கத் தெய்வம் இருக்கிறது, அதை இளம் வயதுக்காரராக மாற்ற வேண்டும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் இது.

படி 1: மூலத்தைப் படியுங்கள்

"ஹெர்மிஸ்: தூதர், திருடர்களின் தெய்வம், சிறகு வைத்த காலணி." இப்படி ஒரு வரிக் குறிப்பிலிருந்து தொடங்கினால் வேடம் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டான். என் முதல் வரைவில் நடந்தது அதுதான். சிறகுக் காலணி போட்ட ஒரு குறும்புப் பையன் இருந்தான். அவனுக்கு எந்தப் பெயர் வைத்திருந்தாலும் கதை அப்படியேதான் நடந்திருக்கும்.

கிரேக்கத் தெய்வங்களின் சிறு வயதைப் பழைய கவிஞர்களே பாடி வைத்திருக்கிறார்கள். ஹெர்மிஸுக்கு ஹோமரியத் துதிப்பாடல்கள் என்ற பழைய கிரேக்கத் தொகுப்பில் 580 வரிப் பாட்டு ஒன்று இருக்கிறது. ஒரே மாலையில் படித்துவிடலாம். பெர்செஃபோனிக்கு அவள் அம்மா டிமீட்டரின் துதி, டயோனிசஸுக்குக் கடற்கொள்ளையர் வரும் குட்டித் துதி, ஆர்ட்டெமிஸுக்குக் காலிமாக்கஸ் எழுதிய துதி, கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டஸுக்கு ஹோமரின் போர்க் காவியமான இலியட்டின் 18ஆம் காண்டம். அதீனாவுக்கு மட்டும் குழந்தைப் பருவமே கிடையாது. தெய்வங்களின் அரசன் ஜீயஸின் தலையிலிருந்து கவசத்தோடு குதித்தவள். குழந்தையாகவே இருந்திராத ஒரு பெண் என்பது தனிக்கதைக்கான விதை, யாராவது எடுத்து எழுதுங்கள்.

துதிப்பாடல்களுக்கு நான் பயன்படுத்துவது ஈவ்லின்-வைட் 1914இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. நடை பழசு, ஆனால் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தச் செய்தியை எந்தக் கவிஞர் சொன்னார் என்று தேட தியோய் தளம்தான் எனக்குப் பிடித்தது. கிரேக்க மூலச் சொல்லைப் பார்க்க பெர்சியஸ் தளம். கதாபாத்திரத்துக்குப் பிடித்த நிறம் எது, பிடித்த உணவு எது என்று ஐம்பது கேள்வி கேட்கும் படிவங்களை ஒதுக்கிவிடுங்கள். அடுத்த படியில் வரும் ஒரே கேள்வி போதும்.

படி 2: "இந்தப் பிள்ளை எதைக் கேட்கிறது?"

துதியின் கதை இதுதான். தெற்குக் கிரேக்கத்தின் ஆர்க்கேடியா பகுதியில் கில்லீனி மலை, 2,300 மீட்டருக்கு மேல் உயரம். அதில் ஒரு குகை. அங்கே மாயாவுக்கும் ஜீயஸுக்கும் விடியற்காலையில் ஹெர்மிஸ் பிறக்கிறான். நண்பகலில் ஓர் ஆமையோட்டில் நரம்பு கட்டி யாழ் செய்து வாசிக்கிறான். மாலையில் அப்பா வழி அண்ணன் அப்போலோவின் ஐம்பது பசுக்களைத் திருடுகிறான். தடம் மாறித் தெரியட்டும் என்று அவற்றைப் பின்னோக்கி நடத்துகிறான், தன் காலுக்குச் சுள்ளிகளைப் பின்னிச் செருப்பு செய்துகொள்கிறான்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அடுத்த இடத்தில்தான் நின்றேன். ஆல்ஃபியோஸ் ஆற்றங்கரையில் இரண்டு பசுக்களை அறுத்து, வாட்டி, இறைச்சியைப் பன்னிரண்டு பங்காக வைக்கிறான். வாசனை அவனை வாட்டுகிறது. பசி. ஆனாலும் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. ஏன்? பலியிட்ட இறைச்சியைத் தின்பவர்கள் மனிதர்கள், படையலை ஏற்பவர்கள் தெய்வங்கள். பன்னிரண்டாவது பங்கு அவனுடையது என்றே பல அறிஞர்கள் வாசிக்கிறார்கள். தனக்கான படையலைத் தானே வைத்துக்கொள்கிறான், ஏனென்றால் இதுவரை வேறு யாரும் வைக்கவில்லை.

வீடு திரும்பியதும் அம்மாவிடம் என்ன சொல்கிறான் தெரியுமா? நாம் ஏன் இந்த இருட்டுக் குகையில் கிடக்க வேண்டும்? அப்போலோவுக்குக் கிடைக்கும் மரியாதை எனக்கும் வேண்டும், அப்பா கொடுக்காவிட்டால் திருடியாவது எடுத்துக்கொள்வேன். கிரேக்கத்தில் இதற்கு டிமே என்று ஒரு சொல் உண்டு. மதிப்பு, பங்கு, பதவி மூன்றும் சேர்ந்த சொல். எல்லா இளம் தெய்வமும் டிமே கேட்டு வரும் பிள்ளைதான். சக்தி பிறக்கும்போதே முழுசாக வந்துவிட்டது, வீட்டில் உட்கார இடம்தான் இன்னும் வரவில்லை. பதினைந்து வயது என்பது அந்த நிலைதானே?

ஆகவே உங்கள் தெய்வத்துக்கு ஒரு தாளில் ஒரு வரி எழுதுங்கள்: யாரிடம், எதைக் கேட்கிறார்? காலிமாக்கஸின் ஆர்ட்டெமிஸ் அப்பா மடியில் உட்கார்ந்து வில், பல பெயர்கள், எல்லா மலைகளும் வேண்டும் என்று அடுக்குகிறாள். நகரம் ஒன்று போதுமாம். பேசிக்கொண்டே ஜீயஸின் தாடியைத் தொடக் கை நீட்டுகிறாள், பலமுறை நீட்டியும் எட்டவில்லை. எட்டாத அந்தக் கையைப் பார்த்துவிட்டால் அவளைப் பற்றி எழுத வேறு குறிப்பு தேவைப்படாது.

இந்த வரி கிடைத்த பிறகு நான் எழுதிய பத்தி:

"பன்னிரண்டாவது பங்கை மற்றவற்றிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தான். கொழுப்பு சூடான கல்லில் சொட்டிப் பொரிந்தது. வாயில் ஊறியதை விழுங்கினான். யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் தொடக் கூடாது என்று நினைத்தான்."

படி 3: சாகாதவனுக்கு என்ன ஆபத்து?

நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இரண்டாவது வரைவை அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். பதினான்கு வயது, கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பாள். எண்பது பக்கம் படித்துவிட்டு, "சித்தி, இவன்தான் சாகவே மாட்டானே, நான் எதுக்குப் பயப்படணும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன்: சக்தியைப் பறித்து அவனை மனிதனாக்கிவிடுவது. ஆபத்து வந்தது, தெய்வம் போய்விட்டது. பிறகு தெய்வத்தையும் கொல்லும் ஒரு மந்திர ஆயுதம் வைத்துப் பார்த்தேன். அந்த ஆயுதம் வந்ததும் கதை அதைப் பற்றியதாகிவிட்டது.

பதில் பழைய பாட்டுகளிலேயே இருந்தது. கிரேக்கத் தெய்வங்கள் சாகாது, ஆனால் மற்ற எல்லாம் நடக்கும். இலியட்டின் 5ஆம் காண்டத்தில் டயோமிடிஸ் என்ற மனித வீரன் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் கையைக் கிழிக்கிறான். ஐகோர் என்னும் தெய்வ இரத்தம் வழிகிறது, அவள் ஓடிப்போய் அம்மா டயோனியின் மடியில் விழுகிறாள். அதே காண்டத்தில் போர்த் தெய்வம் ஏரிஸ் பதின்மூன்று மாதம் வெண்கலச் சாடியில் கட்டுண்டு கிடந்த செய்தியும் வருகிறது. மீட்டது யார்? நம் ஹெர்மிஸ். ஹெஃபைஸ்டஸை அவன் அம்மாவே ஒலிம்பஸிலிருந்து எறிந்தாள், ஒன்பது வருடம் கடலுக்கடியில் ஒளிந்து வாழ்ந்தான்.

ஆனால் எனக்குப் பயன்பட்டது ஸ்டிக்ஸ், தெய்வங்கள் ஆணையிடும் பாதாள ஆறு. பழைய கவிஞர் ஹெசியட் தெய்வங்களின் பிறப்பைப் பாடும் தியோகனியில் விதி தெளிவாக இருக்கிறது. ஸ்டிக்ஸ் நீரின் மேல் பொய்யாணை செய்த தெய்வம் ஒரு முழு வருடம் மூச்சும் பேச்சும் இல்லாமல் படுக்கையில் கிடக்கும், அமிர்தம் கிட்டாது. அதன் பிறகு ஒன்பது வருடம் மற்ற தெய்வங்களின் அவைக்கும் விருந்துக்கும் வர முடியாது. பத்தாவது வருடம்தான் திரும்பச் சேரலாம்.

சாகாத ஒருவருக்குப் பத்து வருடம் ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் பதினைந்து வயதில் அதுதான் மொத்த வாழ்க்கை. அதுவும் குடும்பத்தோடு உட்கார ஓரிடம் கேட்டு வந்தவனுக்கு அந்த இடத்தையே ஒன்பது வருடம் மூடிவிடும் தண்டனை! படி 2இல் எழுதிய வரியை எடுத்துப் பாருங்கள். உங்கள் தெய்வம் கேட்பது எதுவோ, அதை இழப்பதுதான் உங்கள் கதையின் ஆபத்து. இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒன்று தவறு.

துதியில் ஹெர்மிஸ் விசாரணையில் மாட்டும்போது வார்த்தையை அளந்து பேசுகிறான். பசுக்களை வீட்டுக்கு ஓட்டிவரவில்லை, வாசற்படி தாண்டவில்லை என்கிறான். உண்மைதான்! பசுக்கள் ஆற்றங்கரைக் கொட்டிலில் இருந்தன, அவன் வீட்டுக்குள் நுழைந்தது சாவித்துவாரம் வழியாக. பாட்டின் கடைசிப் பகுதியில், யாழைப் பரிசாக வாங்கிக்கொண்ட அப்போலோ, இனி அதையும் தன் வில்லையும் திருடக் கூடாது, ஸ்டிக்ஸ் மேல் ஆணையிடு என்று ஹெர்மிஸிடம் கேட்கிறான். நான் அந்த ஆணையை முன்னால் இழுத்து விசாரணைக்குள் வைத்தேன். அளந்து பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் இப்போது விலை உண்டு.

ஸ்டிக்ஸ் எங்கே என்று வரைபடம் தேடியபோது இன்னொன்று கிடைத்தது. ஆர்க்கேடியாவில் நொனாக்ரிஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பாறையிலிருந்து விழும் நீரை ஸ்டிக்ஸ் என்று பழைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். இன்று அது செல்மோஸ் மலையில் மவ்ரோனேரி, அதாவது கருந்தண்ணீர், என்ற பெயரில் இருக்கும் அருவி. கில்லீனிக்கு மேற்கே, அடுத்த மலைக்கூட்டம். பையன் பிறந்த குகையும் அவன் பயப்பட வேண்டிய நீரும் பக்கத்துப் பக்கத்தில்! என் கதை வேறு ஊருக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. வரைபடத்தைத் திறந்து பாருங்கள், தயவுசெய்து.

படி 4: நீயா, நீங்களா?

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழைய கிரேக்கத்திலும் ஒருவரை மரியாதைக்காகப் பன்மையில் அழைக்கும் வழக்கம் கிடையாது. தமிழில் எழுதினால் முதல் உரையாடலிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

என் முடிவு: அம்மா மாயாவை "நீ", அப்பா ஜீயஸை "நீங்கள்". இதுவரை ஒரு முறைகூடப் பார்த்திராத அப்பா அல்லவா, அந்த "நீங்கள்" மரியாதையைவிடத் தூரத்தையே சொல்லும். அப்போலோவை எடுத்த எடுப்பில் "நீ" என்றே அழைக்கிறான், அப்போலோவுக்கு அது சுருக்கென்று தைக்கிறது. பசுவைப் பற்றிப் பொய் சொல்லும்போது மட்டும் "நீங்கள்" என்று குழைகிறான். "நேற்றுத்தான் பிறந்தேன், என் கால் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது பாருங்கள்" என்பது துதியிலேயே அவன் சொல்லும் சாக்கு, அதற்கு "பாருங்கள்" எவ்வளவு அழகாக உட்காருகிறது!

"அண்ணா" என்ற சொல்லை மட்டும் பூட்டி வைத்தேன். அப்போலோ அவனுக்கு அப்பா வழியில் அண்ணன்தான். ஆனால் முதல் பக்கத்திலேயே அப்படிக் கூப்பிட்டால் அவன் கேட்டு வந்த உறவு கதை தொடங்கும் முன்னே கிடைத்துவிடும். யாழை அப்போலோவின் கையில் வைக்கும் இடத்தில் ஒரே ஒரு முறை சொல்கிறான்.

படி 5: வம்சாவளி

சார்ட் தாள், பென்சில். கணினியில் வரையாதீர்கள், அடித்து எழுதத் தோன்றாது. பல வரலாறுகள் முரண்படும்: அஃப்ரோடைட்டி ஹெசியடில் கடல் நுரையில் பிறந்தவள், ஹோமரில் ஜீயஸ்-டயோனியின் மகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். ஜீயஸும் ஹேராவும் உடன்பிறந்தவர்கள் என்பதை இளம் வாசகர் கட்டாயம் கேட்பார். மறைக்காதீர்கள், விளக்கவும் வேண்டாம், ஒரு வரியில் கடந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1

பெர்செஃபோனி, பாதாள அரசன் ஹேடிஸ் கதையைப் பள்ளிக் காதலாக எழுதிக்கொண்டிருப்பதாக மூன்று பேர் எழுதியிருந்தார்கள். படி 1க்குத் திரும்புங்கள் என்பதே என் பதில். துதியில் அவள் பூப்பறிக்கும்போது ஹேடிஸால் தூக்கிச் செல்லப்படுகிறாள், அலறுகிறாள், ஜீயஸின் சம்மதத்தோடு இது நடக்கிறது. மாதுளை விதையைக் கட்டாயப்படுத்தித் தின்னவைத்தான் என்று அவளே அம்மாவிடம் சொல்கிறாள். பதினைந்து வயது வாசகி கையில் இதைக் காதல் என்று கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளை அங்கிருந்தே எழுதலாம்: தன்னைக் கேட்காமல் எடுத்த முடிவுக்குப் பிறகு, பாதாளத்தின் அரசியாக அவள் எதைக் கேட்பாள்? அவளுக்கான டிமே அங்கேதான் இருக்கிறது, வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த அரியணையில்.

பின்சேர்க்கை 2

பெயர்களை எப்படி எழுதுவது என்று பலர் கேட்டதால் சேர்க்கிறேன். ஹெர்மிஸ், ஹெர்ம்ஸ், எர்மெசு என எல்லா வடிவமும் பார்த்திருக்கிறேன். வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு தடுக்காத வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஒரு பட்டியல் போட்டு மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். வேற்றுமை உருபையும் சேர்த்தே எழுதிப் பாருங்கள். "ஹெர்மிஸிடம்", "ஹெர்மிஸுக்கு" தடுக்கவில்லை. "ஸ்டிக்ஸின்" எனக்கு ஒவ்வொரு முறையும் தடுக்கியது, ஆகவே நாவல் முழுக்க "ஸ்டிக்ஸ் நீர்" என்றே வைத்துவிட்டேன். அக்கா மகள் இப்போது வாக்குக் கொடுக்கும்போதெல்லாம் அந்த நீர் மேல்தான் ஆணையிடுகிறாள்.