யூரியாவிலிருந்து உலோகமில்லா வினையூக்கி: சாயத்தண்ணீரில் சோதித்துப் பார்க்கும் முறை

சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்கள் புராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, ஊருக்குள் வந்ததும் சாயக்கழிவைச் சுமக்கிறது. அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இங்கிருந்து தொடங்கலாம்.

நாம் செய்யப் போவது கிராஃபிடிக் கார்பன் நைட்ரைடு, அதாவது ஒளி பட்டால் தண்ணீரிலுள்ள சாயத்தைச் சிதைக்க உதவும் ஒரு வினையூக்கிப் பொடி. இதில் உலோகம் கிடையாது, அதனால் உலோகம் கரைந்து தண்ணீரில் இறங்கும் பயமும் இல்லை. பட்டை இடைவெளி (இது வேலை செய்யத் தொடங்க ஒளியில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். அதாவது 460 நானோமீட்டர் வரையிலான ஒளியை உறிஞ்சும்.

10 கிராம் யூரியாவை மூடியுள்ள அலுமினா குரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்) போடுங்கள். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், 133 டிகிரியில் உருகி அப்புறம் நுரைத்துப் பொங்கும். மஃபிள் ஃபர்னஸில் (மூடிய மின் உலையில்) நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி, 550 டிகிரியில் 2 மணி நேரம் வையுங்கள். அமோனியாவோடு ஐசோசயனிக் அமில ஆவியும் வரும். புகைபோக்கி வசதி இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது. வாயுக்கள் வெளியேறும் வழியில்தான் நமக்கு வேண்டிய நுண்துளைகள் உண்டாகின்றன. வெளிர் மஞ்சள் பொடி அரை கிராம் தேறினாலே நல்ல விளைச்சல். மெலமினில் செய்தால் பொடி நிறையக் கிடைக்கும், ஆனால் பரப்பு குறைவு. எனக்கு யூரியாதான் பிடித்தது. அரைத்து, கழுவி, 80 டிகிரியில் உலர்த்துங்கள்.

சோதனைக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் கலந்த கரைசலில் 100 மில்லி எடுத்து, 50 மில்லிகிராம் பொடியைப் போட்டுக் கலக்குங்கள். விளக்கை இப்போது போடாதீர்கள்.

என்னை அதிகம் திணறடித்தது இந்தக் கட்டம்தான். 100 மில்லியில் இருப்பது மொத்தமே 1 மில்லிகிராம் சாயம். 50 மில்லிகிராம் துளைப்பொடிக்கு அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வது பெரிய வேலையே இல்லை. நிறம் குறையும், ஆனால் சாயம் சிதைந்திருக்காது, பொடியில் ஒட்டியிருக்கும். அதனால் பாத்திரத்தை அலுமினியத் தாளால் மூடி, இருட்டில் குறைந்தது 30 நிமிடம் கலக்குங்கள். அடுத்தடுத்து எடுத்த இரண்டு மாதிரிகளின் அளவீடு ஒன்றாக வந்த பிறகே ஒளி. அந்த இருட்டு அளவீடுதான் உங்கள் தொடக்கப் புள்ளி. பக்கத்திலேயே பொடி போடாத சாயக்கரைசலையும் அதே விளக்கில் வையுங்கள். மெத்திலீன் புளூ வெறும் வெளிச்சத்திலேயே கொஞ்சம் வெளுக்கும், அதைக் கழிக்காமல் வரைந்த வரைபடத்தை நம்ப முடியாது.

விளக்குக்கு 400 முதல் 420 நானோமீட்டர் ஊதா எல்.இ.டி. வாங்குங்கள். வெயிலில் வைத்தால் மேகம் வந்து போகும்போதெல்லாம் கணக்கு மாறும், ஏற்காட்டில் சொல்லவே வேண்டாம். கரைசல் சூடாகாமல் ஒரு மின்விசிறி போதும்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 664 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளவிடுங்கள். சிரிஞ்ச் ஃபில்டர் வேண்டாம், சில சவ்வுகள் சாயத்தையே பிடித்துக்கொள்ளும். 800 நானோமீட்டரிலும் ஒருமுறை பாருங்கள். அங்கே சாயம் உறிஞ்சாது, அதனால் அளவீடு பூஜ்யத்துக்கு மேல் நின்றால் பொடி இன்னும் மிதக்கிறது, மறுபடி சுழற்றுங்கள்.

நிறம் போய்விட்டால் மாசும் போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். நிறம் தரும் பகுதி மட்டும் உடைந்து, நிறமில்லாத துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கலாம். மொத்தக் கரிமக் கார்பன் அளவிட வசதி இருந்தால் அளவிடுங்கள், இல்லையென்றால் சி.ஓ.டி.யாவது (வேதி ஆக்சிஜன் தேவை) பாருங்கள். சாயமே ஒளியை உறிஞ்சி வினையில் கலந்துகொள்வதும் உண்டு. அதனால் பாராசிட்டமால் போன்ற நிறமற்ற ஒன்றையும் சோதித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: உரக்கடை யூரியா போதாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2015 முதல் இங்கே மானிய யூரியா வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, அந்த எண்ணெயின் கரியும் உங்கள் பொடியில் கலந்துவிடும். ஆய்வகத் தர யூரியாவே விலை குறைவுதான்.

இன்னொன்று, சாயப்பட்டறைக் கழிவுநீரை நேரடியாக ஊற்றியவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று வந்தது. ரியாக்டிவ் சாயம் போடும் தண்ணீரில் உப்பும் சோடா சாம்பலும் ஏராளம். சோடா சாம்பலிலுள்ள கார்பனேட், சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிகலை விழுங்கிவிடும். அடர்ந்த நிறம் ஒளியை உள்ளேயும் விடாது. முதலில் பி.எச். சரிசெய்து கார்பனேட்டைக் குறையுங்கள், பிறகு பல மடங்கு நீர்த்துப் போடுங்கள். எத்தனை மடங்கு நீர்த்தீர்கள் என்பதை முடிவோடு சேர்த்தே எழுதுங்கள்.