கப்பல் மானியச் செய்தியைப் பட்டறைக்காரர் எப்படிப் படிக்க வேண்டும்

தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளம் அமைக்க கொச்சின் ஷிப்யார்டும் மசகான் டாக்கும் 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டதிலிருந்து, மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் டீ குடிக்கப் போனாலும் இதே பேச்சுதான். “சீனாக்காரனை இனி கவர்மென்ட் பார்த்துக்கும், ஃபிளாஞ்ச் ஆர்டர் நமக்குத்தான்” என்கிறார்கள். நானும் ஃபிளாஞ்சும் (குழாய்களை இணைக்கும் வட்டத் தகடு) பைப் கிளாம்பும் (குழாயைப் பிடித்து நிறுத்தும் பட்டை) செய்கிறவன்தான். லோன் போட்டு மெஷின் வாங்குமுன், கப்பல் கட்டும் தளங்களுக்கு அரசு மானியம் என்ற செய்தியை இப்படிப் படியுங்கள்.

முதலில், அரசு கை வைப்பது எந்த இடத்தில் என்று பாருங்கள். வெளிநாட்டு ஃபிளாஞ்ச் அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கினால் வழி இருக்கிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 25 சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ளவர்கள் சேர்ந்து டில்லியில் டி.ஜி.டி.ஆரிடம் (இப்படிப்பட்ட இறக்குமதியை விசாரிக்கும் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் இயக்குநரகம்) மனு போடலாம். விசாரணையில் நிரூபணமாகி நிதியமைச்சகமும் ஒத்துக்கொண்டால், துறைமுகத்திலேயே பொருள் குவிப்புத் தடுப்பு வரி விழும்.

கப்பலுக்கு இது செல்லாது. சீனாவில் கட்டிய கப்பலை கிரீஸ்காரர் வாங்குவார், பனாமா கொடி பறக்கும், சரக்கு பிரேசிலிலிருந்து ஜப்பானுக்குப் போகும். எந்த நாட்டுச் சுங்கத்தில் பிடித்து வரி போடுவது? மலிவு விலைக்குக் கப்பல் கட்டிக் கொடுத்த கொரியாவைச் சமாளிக்க 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் தளங்களுக்கு ஒப்பந்த விலையில் 6 சதவீதம் வரை உதவ வழி செய்தது. கொரியா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. நீங்களாகவே அடுத்த நாட்டுக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது என்று 2005-இல் தீர்ப்பு. அமெரிக்கா 2025 அக்டோபர் 14 முதல் சீனத் தயாரிப்புக் கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணம் போட்டது. நவம்பர் 10-ஆம் தேதியே ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தது.

ஆக, மிச்சமிருப்பது உள்ளூர்த் தளத்துக்குப் பணம் கொடுப்பதுதான். மத்திய அரசின் 2016 கப்பல் கட்டும் உதவித் திட்டத்தில் கப்பல் விலையில் 20 சதவீதத்தில் தொடங்கி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 3 சதவீதம் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட 69,725 கோடியில் இந்த உதவிக்கு மட்டும் 24,736 கோடி, 2036 வரை. (வ.உ.சி. காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டை இலவசமாக்கிக் குடையும் கொடுத்தது என்பார்கள். அன்று சர்க்கார் அந்தப் பக்கம் நின்றது.)

அடுத்து சுங்க அறிவிப்பைப் பாருங்கள். பேப்பரில் இது பெரிதாக வராது. கப்பல் கட்டத் தேவையான உதிரிபாகங்களுக்கு அடிப்படைச் சுங்க வரி விலக்கு. 2025 பட்ஜெட்டில் அதை இன்னும் பத்து வருடம் நீட்டிவிட்டார்கள். தளத்துக்கு இது நல்லது. நமக்கு? வரியில்லாத சீன விலையோடு மோத வேண்டும். கொட்டேஷனை அந்த விலையை வைத்துப் போட்டுப் பாருங்கள், கட்டுப்படியாகவில்லை என்றால் மெஷின் வேண்டாம்.

கட்டுப்படியாகிறது என்றால் உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முடியுங்கள். பொதுத்துறை நிறுவனங்கள் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது விதி. கொச்சின் ஷிப்யார்டும் மசகான் டாக்கும் பொதுத்துறைதான்.

அதைவிட முக்கியம் ஹீட் நம்பர், அதாவது தகடு எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண். மில் கொடுத்த நம்பர் தகட்டின் ஒரு மூலையில்தான் இருக்கும். வெட்டிய பிறகு மற்றத் துண்டெல்லாம் அநாதை. மில்லின் டி.சி. (டெஸ்ட் சர்டிஃபிகேட்) கையில் இருந்தாலும், இது அந்தத் தகடுதான் என்று பொருளைச் சோதிக்க வரும் சர்வேயரிடம் எப்படிச் சொல்வீர்கள்? வெட்டுமுன்னே ஒவ்வொரு துண்டிலும் நம்பர் பஞ்ச் அடித்து, ரிஜிஸ்டரில் எழுதி, முடிந்தால் சர்வேயரின் முத்திரையும் வாங்கிவிடுங்கள். கடைசலில் முகம் தேயும், அதனால் விளிம்பில் அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் பையன்கள் முனகுவார்கள், முனகட்டும்.

கடைசியாகப் பணம். நமக்கு ஆர்டர் தருவது பெரும்பாலும் தளம் இல்லை, நடுவில் நிற்கும் பைப்பிங் கான்ட்ராக்டர். அவருடைய ஆர்டரில் “பேக் டு பேக் பேமென்ட்” என்று ஒரு வரி இருக்கும்: அவருக்கு வந்தால்தான் நமக்கு. 2006 குறு, சிறு தொழில் சட்டப்படி நமக்கு 45 நாளுக்குள் வர வேண்டும். கையெழுத்துக்கு முன்னாலேயே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள், பில்லில் உத்யம் நம்பரைப் போடுங்கள்.