உணர்ச்சியில்லாத காலுக்கு இஞ்சு டேப்

என் வீட்டுக்காரர் தென்னை மரம் ஏறுகிறவர். விழுந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படுக்கைப்புண்ணுக்குப் பயப்படுகிற அளவுக்குக் காலில் ரத்தம் உறைவதற்கும் பயப்பட வேண்டும்.

கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் சரியாக மேலே ஏறும். அசையாத காலில் அது தேங்கும். பெரிய அடிபட்ட உடம்பில் ரத்தம் உறைகிற தன்மையும் கூடியிருக்கும். முதல் 3 மாதம்தான் ஆபத்து அதிகம். உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிரே போகலாம்.

ரத்தக்கசிவு பயம் தீர்ந்ததும் ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸாபாரின் என்ற ஊசி தொடங்குவார்கள். வழக்கமாக 8 வாரமாவது போடுவார்கள், பலருக்கு 12 வாரம். டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தத் தேதிவரை என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் போடும்போது தொப்புளுக்கு 2 அங்குலம் தள்ளி, ஒருமுறை இடப்பக்கம், அடுத்தமுறை வலப்பக்கம். தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்துங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். ஈறில் ரத்தம், கறுப்பு மலம் என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வலி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கால் வலிக்கிறது என்று அவர் சொல்லமாட்டார், அவருக்குத் தெரியாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் தையல் வேலை செய்கிறவள். டேப் எப்போதும் கையில் இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து 10 செ.மீ. இறக்கிப் பேனாவால் கோடு போட்டு, தினமும் காலையில் எழுப்பி உட்காரவைக்கும் முன் அந்தக் கோட்டில் இரண்டு காலின் சுற்றளவையும் அளந்து நோட்டில் எழுதுவேன். ஒரு காலுக்கும் மற்றதற்கும் 3 செ.மீ. வித்தியாசம் வந்தால் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பார்க்க வேண்டும். வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தாலும் திடீரென்று வீங்கினால் காத்திருக்காதீர்கள். புறங்கையால் தொட்டுச் சூடு பாருங்கள். சிவப்பு, லேசான காய்ச்சல், வழக்கத்தைவிடக் கால் அதிகமாக வெட்டி இழுப்பது, இவையும் அறிகுறிதான்.

எங்கள் பக்கம் வீங்கின காலைப் பார்த்தால் முதலில் எண்ணெய்க் கிண்ணம்தான் வரும். நீவவே கூடாது, கட்டி பிய்ந்துவிடும். ஒத்தடமும் வேண்டாம், உணர்ச்சியில்லாத தோல் வெந்துபோகும். டாக்டர் சொல்லும்வரை அந்தக் காலுக்குப் பயிற்சியும் நிறுத்த வேண்டும். என் மாமியார் கிண்ணத்தோடு வந்தபோது, “டாக்டர் பாக்கட்டும் அத்தை, அதுவரைக்கும் கை வைக்கவேண்டாம்” என்று கையைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர்கள் மனம் கோணினாலும் பரவாயில்லை.

இறுக்கமான காலுறை கொடுத்திருந்தால் அளவு சரியாக இருக்கட்டும், சுருக்கம் விழக்கூடாது. தினம் இருமுறை கழற்றித் தோலைப் பாருங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், படபடப்பு, நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம், இதில் எது வந்தாலும் 108. கழுத்தில் அடிபட்டவருக்கு நெஞ்சுவலி தெரியாமலே போகலாம், மூச்சைக் கவனியுங்கள். வண்டியில் வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக, முதுகுத்தண்டு அடிபட்டவர், ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறோம், கடைசி ஊசி இத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள்.