உருவப்படத் தொழிலுக்கு முதல் கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உருவப்படம் எடுப்பதைத் தொழிலாகத் தொடங்குவோர், கையிலிருக்கும் பணம் முழுவதையும் கேமராவின் உடற்பகுதியான பாடியில் போட்டுவிட்டு, கூடவே வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு வேலைக்குப் புறப்படுவதுதான் பெரும்பாலும் முதல் தவறாகிறது. அந்த லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதில் ஒளி புகும் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). எஃப்/1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸோ ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடுவதுடன், முகத்துக்குப் பின்னால் தெரியும் சுவரையும் துணிக்கொடியையும் மங்கச் செய்துவிடும். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கொண்ட கேனான் கேமராவில் இது பெரிய சென்சாருள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவின் 80 மி.மீ. லென்ஸ் அளவுக்கே காட்சியைக் காட்டுவதால், மார்பளவுப் படத்துக்கு நன்கு பொருந்தும். கிட் லென்ஸை 18-இல் வைத்து முகத்தருகே சென்று எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். அதற்கு நாம் நெருங்கி நின்றதே காரணம்.

மலிவு லென்ஸ் வாங்கும்போதும் பொருத்தம் பார்க்க வேண்டும். நிக்கான் டி3500, டி5600 ஆகியவற்றின் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே விலை குறைவென்று தனக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை 50 மி.மீ. லென்ஸை வாங்கியவர், ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைக் கையால் திருப்ப நேரிடும். டி7200-இல் அந்த மோட்டார் உண்டு. மெமரி கார்டு போடும் இடமும் இரண்டு. கேனான் 200டி மார்க் 2-இல் சிக்கல் வேறு: மேலே ஃபிளாஷ் பொருத்தும் இடமான ஹாட் ஷூவின் நடு முனை நீக்கப்பட்டிருப்பதால், அதை மட்டுமே நம்பி இயங்கும் மலிவான ஃபிளாஷும், தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் டிரிகரும் அதில் வேலை செய்யாது. ஒளியமைப்பே பாதி வேலையாக உள்ள இத்தொழிலில் இது சிறிய குறையன்று.

மெகாபிக்சலுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. 12க்கு 18 அங்குல ஆல்பப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக அச்சிட்டாலும் 19.4 மெகாபிக்சலே வேண்டும், 24 தாராளம்.

பழைய கேமரா வாங்குவதில் தவறில்லை, வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்குவதே தவறு. ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும்; டி7200-இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. லென்ஸின் ஒரு பக்கத்தில் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பார்த்தால், சிலந்தி வலைபோல் படர்ந்த பூஞ்சை இருந்தால் தெரிந்துவிடும். கடலோர ஊர்களில் இருந்து வரும் லென்ஸ்களில் இச்சோதனையைத் தவிர்க்கவே கூடாது.