வெறும் மண்டபத்தை மட்டும் அளந்து விருதுக்கு அனுப்பாதீர்கள்

மண்டப ஒலியியலில் ஆய்வு செய்து மாணவர் விருதுகளுக்கு அனுப்ப நினைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் வரைவுகளை அவ்வப்போது வாசிக்கிறேன். உழைப்பு நிறையத் தெரியும். ஆனால் அடிப்படையான சில இடங்களில் வழுக்கி விடுகிறார்கள்.

முதலாவது, ஆளில்லாத மண்டபத்தை அளந்துவிட்டு அதையே முடிவாக எழுதுவது. 20 மீற்றர் நீளம், 12 அகலம், 6 உயரமுள்ள ஒரு கல்யாண மண்டபத்தை எடுங்கள். கனவளவு 1440 கன மீற்றர். வெறுமையாக இருக்கையில் ஒலியுறிஞ்சல், அதாவது சுவரும் தரையும் கூரையும் ஒலியை விழுங்கும் அளவு, 80 சதுர மீற்றர் என்றால், சபீன் சூத்திரப்படி எதிர்முழக்க நேரம் (ஒலியை நிறுத்திய பின் அது 60 டெசிபெல் இறங்க எடுக்கும் நேரம்) 2.9 செக்கன். பேச்சு குழம்பிப் போகும். 200 பேர் வந்து அமர்ந்து, ஆளுக்கு அரைச் சதுர மீற்றர் உறிஞ்சல் கூட்டினால் அதே மண்டபம் 1.3 செக்கனுக்கு இறங்கிவிடும். எந்த நிலையை அளந்தீர்கள் என்று எழுதாத எண்ணுக்குப் பொருளே இல்லை. அமெரிக்க இயற்பியலாளர் வோலஸ் சபீன் 1895இல் ஹார்வர்டின் விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்ய இறங்கியபோது, இரவில் பக்கத்து அரங்கின் மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கித்தான் உறிஞ்சலுக்கும் எதிர்முழக்க நேரத்துக்கும் உள்ள இந்த உறவைக் கண்டுபிடித்தார்.

ஒலியுறிஞ்சலுக்கு அவர் அலகாக எடுத்தது திறந்த யன்னலை. வெளியே போன ஒலி திரும்பாது அல்லவா? இதை நம்பி நாற்சார் வீட்டு முற்றத்துக்கும் பக்கம் திறந்த கோயில் மண்டபத்துக்கும் அதே சூத்திரத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஒலி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருக்கிறது என்ற எடுகோளில் நிற்கும் சூத்திரம் அது. அரைவாசி திறந்த இடத்தில் அந்த எடுகோள் உடைந்துவிடும். என்னைக் கேட்டால் உங்கள் நல்ல ஆய்வுக் கேள்வி அங்கேதான் கிடக்கிறது: நாதஸ்வரமும் தவிலும் வளர்ந்த இடங்கள் இவை, அங்கே காது உண்மையில் என்ன கேட்கிறது?

அப்புறம் கைதட்டி அளப்பது. கைதட்டலில் தாழ் அதிர்வெண்கள் போதாது, தவிலின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஃபானை நிறுத்தாமல் அளப்பதும் வேண்டாம். 60 டெசிபெல் முழுவதும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, 20 டெசிபெல் இறங்கும் நேரத்தை மூன்றால் பெருக்கலாம். ஆனால் அதற்கே தொடக்க ஒலி பின்னணி இரைச்சலைவிட 35 டெசிபெலாவது மேலே நிற்க வேண்டும். ஒரே இடத்தில் ஒலிவாங்கியை வைத்து முடித்துவிடவும் கூடாது.

தனியாகத் திரும்பிக் கேட்கும் எதிரொலியையும், பல தெறிப்புகள் கலந்து நீண்டு தேயும் எதிர்முழக்கத்தையும் ஒன்றாக எழுதினால் நடுவர் அந்தப் பக்கத்திலேயே நம்பிக்கை இழந்துவிடுவார்.

சரி, விண்ணப்பம். விதிகளை முழுதாக வாசியுங்கள். அமெரிக்கக் கட்டட ஒலியியலாளர் ரொபேட் பிராட்ஃபோர்ட் நியூமனின் பெயரால் 1985இல் தொடங்கிய நிதியத்தின் மாணவர் பதக்கம், அதில் பங்கெடுக்கும் கல்வி நிறுவனங்கள் வழியாகவே மாணவருக்குப் போகிறது. ஆகவே முதலில் பேச வேண்டியது உங்கள் விரிவுரையாளரிடம்.