கணக்குப் போடும் முன்

காலாவதிக்கு நாலு நாள் இருக்கும் பிஸ்கட் பாக்கெட் தேங்கிக் கிடக்கிறதா? தள்ளுபடியில் விற்கலாம், தப்பில்லை. ஆனால் தேதியை வாய்விட்டுச் சொல்லி விற்க வேண்டும். தள்ளுபடி ஸ்டிக்கரைத் தேதி மேலேயே ஒட்டினால் அது ஏமாற்று (இந்த வேலையை நிறைய பேர் பார்க்கிறார்கள்!). எந்த முடிவானாலும், யாருக்குக் கேடு வரும் என்பதை ஒரு தாளில் முதலில் எழுதுங்கள். ரூபாய்க் கணக்கு அப்புறம்.

1982-இல் சிகாகோ பகுதியில் டைலெனால் என்ற வலி மருந்துக் காப்ஸ்யூலில் யாரோ சயனைடு கலந்ததில் 7 பேர் இறந்தார்கள். விஷம் கலந்தது தொழிற்சாலையில் இல்லை, கடைக்குப் போன பிறகுதான். இருந்தும் மருந்தைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. மறுபடி விற்பனைக்கு வந்தபோது பிரித்தால் தெரிந்துவிடும் முத்திரையோடு வந்தது.